ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் சொன்னது

சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா, கொத்தகானப்பள்ளி கிராமம், காலஞ்சென்ற கோவிந்தப்பன் மனைவி ஜோதியம்மாள், வயது 47, தொழில் விவசாயம், தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரியும், 1958ஆம் வருஷம் மார்ச் மாதம் 15ஆம் தேதி சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓசூர் சப் மாஜிஸ்டிரேட் அவர்கள் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்கும் வாக்குமூலம்.

இதைக் கொடுக்கும்படி என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் சொல்வது என் தம்பிக்கு எதிராகவும் எனக்கு எதிராகவும் போகும் என்று மாஜிஸ்டிரேட் அவர்கள் எடுத்துச் சொன்னார். யோசித்துப் பார்க்க அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்காரவும் சொன்னார். உட்கார்ந்திருந்துவிட்டு வந்து சொல்கிறேன்.

இதே விஷயமாக இம்மாதம் 10ஆம் தேதி திங்கட்கிழமை ஓசூர் ஆஸ்பத்திரியில் ஹெட் கான்ஸ்டபிள் என்னை விசாரித்தபோது, என் தம்பி மனைவி நஞ்சம்மா ராகி மூட்டை இறக்கப் பரண்மேல் ஏறினாள், ஏணி சறுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். அது பொய். எங்கள் வீட்டில் பரணுக்கு ஏணியே கிடையாது, சுவரில் படி வெட்டியிருக்கிறது. நான் சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அவர்மேல் தவறு இல்லை.

என் தம்பி பெயர் சின்னராஜ், வயது 31. அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது எங்கள் தாயார் காலராவில் இறந்துபோனார். அப்போது எனக்குக் கலியாணமாகி இரண்டு வருஷம். அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் இறந்தபிறகு வீட்டை நடுவில் மண் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்து, மேற்குப் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். அவன் ராயக்கோட்டையில் காய்கறி ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும் லாரிக்கு டிரைவராக இருக்கிறான். நான்கு வருஷத்துக்கு முன்பு பாகலூர் திம்மப்பன் மகள் நஞ்சம்மாவை அவனுக்குக் கட்டிவைத்தேன். அவளுக்கு இப்போது வயது 22. அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். தமிழ் எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டது.

எங்கள் ஊரில் மாதர் சங்கம் ஏற்பட்டது எப்படி என்று மாஜிஸ்டிரேட் அவர்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். 1956ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊர் சம்பங்கி என்பவன் தன் மனைவி சென்னம்மாளைக் கோடாலிப் பிடியால் தலையில் அடித்து, அவளை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆயிற்று. மறுநாள் காலையில் மாதம்மாள் என்கிற கூலிக்காரப் பெண், என் நிலத்தில் களையெடுக்க வரவேண்டியவள், வேலைக்கு வராமல் சம்பங்கியின் வாசலுக்கு எதிரே தெருவில் போய் உட்கார்ந்தாள். கத்தவில்லை, வையவில்லை. ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், “அவன் வெளிய வந்து இனிமே கை நீட்டமாட்டன்னு சொல்லட்டும், அப்பறம் போறன்” என்றாள். மத்தியானத்துக்குள் பதினோரு பெண்கள் அவளோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மூன்று மணிக்குப் பிறகுதான் போனேன். மறுநாள் பொழுது சாய்வதற்குள் சம்பங்கி வெளியே வந்து தெரு முழுக்கக் கேட்கும்படி வாக்குக் கொடுத்தான். இன்றுவரை அவன் அவளை அடிக்கவில்லை என்று சென்னம்மாள் சொல்கிறாள்.

அதன் பிறகு சுற்றுப்பட்டு ஐந்து ஊர்களில் இதேபோல் உட்கார்ந்தோம். பிறகு அதைச் சங்கமாக்கி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், நிலம் இருக்கிறது, பேச வரும் என்பதால் என்னைத் தலைவியாக வைத்தார்கள். உட்கார்வது மாதம்மாளின் யோசனை. ஆனால் வெளியூர்களில் அது என் யோசனை என்று சொன்னபோது நான் மறுத்துச் சொல்லவில்லை.

சங்கத்தின் விதிகளை நானே நோட்டில் எழுதினேன். அடிபட்டவள் சொன்னால் அன்றைக்கே போகவேண்டும். எந்த வீட்டுக்கும் விலக்கில்லை. எந்த வாசலில் உட்கார்கிறோமோ அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. கல் எடுக்கக் கூடாது.

கூட்டங்களில் நான் சாராயத்தைப் பற்றித்தான் பேசுவது வழக்கம். நம் பக்கத்தில் மதுவிலக்கு இருந்தும் ஆண்கள் எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார்கள், அடிப்பது ஆள் இல்லை, சாராயம்தான் அடிக்கிறது என்று பேசுவேன். பெண்களும் கைதட்டுவார்கள், சுற்றி நிற்கும் ஆண்களும் கைதட்டுவார்கள். என் தம்பிக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. ஆகையால் அந்தப் பேச்சில் என் வீடு வராது.

சின்னராஜ் நஞ்சம்மாவை அடிப்பது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். தெரியும். கலியாணமான முதல் வருஷத்திலேயே தெரியும். நடுச்சுவர் மண் சுவர் என்பதால் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்கும்போது நான் அம்மியில் எதையாவது போட்டு அரைக்கத் தொடங்குவேன். ஒருமுறை அரைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வெறும் உப்பை அரைத்தேன்.

இம்மாதம் 5ஆம் தேதி புதன்கிழமை காலை சுமார் பதினோரு மணிக்கு நஞ்சம்மா கொல்லைப்பக்கமாக என் சமையற்கட்டுக்கு வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. “அக்கா, கையைத் திருப்ப ஆகல” என்றாள். எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். “விழல. உனுக்குத் தெரியும்” என்றாள். அவள் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்து சொன்னதால் சின்னராஜைக் கேட்காமல் பாகலூர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், அதற்காகக் கையை முறுக்கியிருக்கிறான். குடித்திருந்தானா என்று கேட்டேன். அதற்கு அவள், “அவரு எந்நாளும் குடிக்கமாட்டாரே. நீ மீட்டிங்ல சாராயம் சாராயம்னு பேசறப்போ எனுக்குச் சிரிப்பு வரும் அக்கா” என்றாள்.

அதன் பிறகு அவள், இன்றைக்கே எல்லாரையும் கூப்பிடு, எங்கள் வாசலில் உட்காருங்கள் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை 9ஆம் தேதி ஓசூரில் எங்கள் சங்கத்தின் ஊர்வலமும் பொதுக்கூட்டமும் நடக்க இருந்தன. சப் கலெக்டர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நான் அவளிடம், “ஞாயித்துக்கிழமை போகட்டும் நஞ்சு. தலைவி வீட்லயே இப்படின்னா நாளைக்கி எவன் நம்மளை மதிப்பான்? நாலு நாள் பொறுத்துக்க” என்றேன். அவள், “சென்னம்மாவை நாலு நாள் பொறுக்கச் சொன்னியா?” என்று கேட்டாள். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டு, பழைய சேலையைக் கிழித்துக் கட்டி அனுப்பினேன்.

அன்று பகல் மூன்று மணிக்கு சின்னராஜ் வந்ததும் அவனைக் கூப்பிட்டு, “மீட்டிங் முடியிற வரைக்கும் கையை வச்சிகினு சும்மா இரு” என்றேன். “சரிக்கா” என்றான். இனிமேல் அடிக்காதே என்று நான் சொல்லவில்லை. மீட்டிங் முடியும்வரை என்றுதான் சொன்னேன்.

9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊரிலிருந்தும் சுமார் ஐம்பது பெண்கள் சின்னராஜின் லாரியில் ஓசூருக்குப் போனோம். முதலாளியிடம் கேட்டு லாரியை அவனே கொண்டுவந்திருந்தான். லாரியின் முன்பக்கம், பெண்களை அடிப்பதை ஒழிப்போம் என்று எழுதிய துணியைக் கட்டியிருந்தோம். அதைக் கட்டிவிட்டது அவன்தான். நஞ்சம்மாவை வீட்டிலேயே இருக்கும்படி நான் சொல்லியிருந்தேன். கையில் கட்டோடு அவள் ஊர்வலத்தில் வருவது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஊர்வலம் மத்திகிரி ரோட்டிலிருந்து புறப்பட்டு நான்கு மணிக்கு மைதானத்தை அடைந்தது. சுமார் அறுநூறு பெண்கள் இருந்தார்கள். சப் கலெக்டர் தலைமையில் கூட்டம் ஆரம்பமாயிற்று. நாங்கள் கொடுத்த மனுவை நான் படித்தேன். அடிபட்ட பெண் வந்து சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவள் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அந்த மனுவில் முதல் கோரிக்கை. அதன் பிறகு நான் பேசத் தொடங்கினேன்.

நான் ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். அப்போது நஞ்சம்மா மேடைப் படியில் ஏறி வந்தாள். பாகலூர் ரோடுவரை நடந்து அங்கிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. கீழே நின்றிருந்த மாதம்மாள், இதுவும் நான் ஏற்பாடு செய்ததுதான் என்று நினைத்து, இடது கையைப் பிடித்து அவளை ஏற்றிவிட்டாள். நஞ்சம்மா என் பக்கத்தில் வந்து நின்று மைக்கைப் பார்த்து, “என் பேரு நஞ்சம்மா. நம்ம ஊரு கொத்தகானப்பள்ளி. நானு ஒரு மாத்து, ஒரு வார்த்தை சொல்லணும். என் கையை முறுக்கினவரு யாருன்னா” என்றாள். அந்த அளவுக்குத்தான் அவளால் சொல்ல முடிந்தது. நான் மைக்கை உள்ளங்கையால் மூடினேன்.

பிறகு கையை எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன். “தாய்மாருங்க பயப்படாதீங்க. பாவம், இந்தப் பொண்ணுக்கு வலிப்பு நோவு. அது வரும்போது இப்படித்தான் ஏதாச்சும் பேசும். கொஞ்சம் தண்ணி குடுத்துக் கூட்டிகினு போங்க” என்றேன். முன்வரிசையில் இருந்தவர்கள் நாக்கால் ‘த்சொ, த்சொ’ என்றார்கள். சப் கலெக்டர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்கு வழி விட்டார்.

அவள் திமிறவில்லை. என்னைப் பார்த்து “அக்கா” என்றாள். அது மைக்கில் விழவில்லை. தொண்டர் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தோளைப் பிடித்து இறக்கினார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி, எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டாள். நான் குனிந்து, “ரோட்ல லாரி நிக்கிது பாரு, அங்க அவ வீட்டுக்காரன் இருக்கான், அவன்கிட்ட ஒப்படைச்சிடுங்க” என்றேன். இதை நான் தெரியாமல் சொல்லவில்லை. நஞ்சம்மா சொல்ல வந்தது அவனுக்கும் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கும் என்பது அந்த நேரத்திலேயே எனக்குத் தெரியும்.

அதன் பிறகு இன்னும் இருபது நிமிஷம் பேசினேன். அன்றைக்கு நன்றாகப் பேசினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் செண்டுமல்லி மாலை போட்டார்கள். கூட்டம் முடிந்து ரோட்டுக்கு வந்தபோது லாரி இல்லை. எல்லாரும் பஸ்ஸுக்கு நடந்தோம். மாதம்மாள் என் பக்கத்தில் வந்து, “நஞ்சம்மாவுக்கு எப்பலருந்தும்மா வலிப்பு?” என்று கேட்டாள். சின்ன வயசிலிருந்தே என்று சொன்னேன். அவள் பின்தங்கி நடந்தாள். நான் மாலையைக் கழற்றாமலே பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி இருக்கும். மேற்குப் பாதியில் விளக்கு ஏற்றவில்லை. நான் உள்ளே போனேன். நஞ்சம்மா அடுப்புக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் வந்து கழுத்தில் இறங்கி ரவிக்கை நனைந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, மூடமுடியவில்லை. பாட்டரி வேலை செய்யாதபோது லாரியை முடுக்கும் இரும்புக் கைப்பிடி அவள் காலடியில் கிடந்தது. சின்னராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். குடித்த வாடை இல்லை.

அட பாவி என்ன செய்துவிட்டாய் என்று கேட்டேன். அவன், “நீதானேக்கா எங்கிட்ட ஒப்படைச்சே” என்றான். பிறகு, “அவ பைத்தியம்னு நீயே அறுநூறு பேருக்கு முன்னாடி சொல்லிட்ட. இனிமே அவ இன்னா சொன்னாலும் யாரு கேக்கப் போறாங்க?” என்றான். அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னான். அப்போதுதான் மாலை இன்னும் என் கழுத்தில் இருப்பது தெரிந்து அதைக் கழற்றினேன்.

அதன் பிறகு அவளை இரண்டு பேருமாகத் தூக்கி அதே லாரியில் படுக்கவைத்து ஓசூருக்குக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. என்ன சொல்வது என்று வழியில் பேசிக்கொண்டோம். அவன் கிணற்றில் விழுந்ததாகச் சொல்லலாம் என்றான். கிணறு என்றால் துணி நனைந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். பரண் ஏணி என்பது நான் கண்டுபிடித்தது. நாங்கள் பேசியது முழுவதும் நஞ்சம்மாவுக்குக் கேட்டது. அவளுக்கு நினைவு இருந்தது, கண் திறந்துதான் இருந்தாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, தாடை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருக்கின்றன, இடது காது ஜவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிக் கேட்பது சந்தேகம் என்றார். மணிக்கட்டில் இருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது இன்றைக்குப் பட்ட அடி இல்லையே, நாலைந்து நாள் ஆகியிருக்குமே என்றார். நான் தெரியாது என்றேன். மறுநாள் காலை கிராமத்துக்குத் திரும்பியதும் அந்த இரும்புக் கைப்பிடியை நானே சாம்பல் போட்டுக் கழுவி, கொல்லையில் விறகு அடுக்குக்குக் கீழே வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அன்று மத்தியானம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் ஹெட் கான்ஸ்டபிளிடம் மேலே குறிப்பிட்ட பொய்யைச் சொன்னேன்.

12ஆம் தேதி புதன்கிழமை மாதம்மாளும் சென்னம்மாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் நஞ்சம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். தாடையைக் கட்டியிருந்ததால் அவளால் பேசமுடியவில்லை. மாதம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் தலையை மட்டும் அசைத்திருக்கிறாள்.

மறுநாள் 13ஆம் தேதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாதம்மாள் முப்பத்துநாலு பெண்களோடு வந்து என் வீட்டு வாசலுக்கு எதிரே தெருவில் உட்கார்ந்தாள். அவர்களில் பாதிப்பேர் என் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். சின்னராஜ் அப்போது மேற்குப் பாதியில் இருந்தான். கொல்லை வழியாக என்னிடம் வந்து, “உன் காட்ல கூலி செய்றவளுங்கதானே. ஒரு வார்த்தை சொன்னா எழுந்து போயிடுவாளுங்க. சொல்லுக்கா” என்றான்.

நான் வாசலுக்கு வந்து, யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று மாதம்மாளைக் கேட்டேன். “கேட்டுகினுதான் வரணும்னு நீ எழுதலையேம்மா” என்றாள். நான், “நாளைக்கி எந்தக் காட்டுக்கு வேலைக்குப் போவீங்க?” என்று கேட்டேன். அது மிரட்டல்தான். வேறு அர்த்தம் இல்லை. அதற்கு அவள், “அது நாளைக்கி. இன்னிக்கி இங்க குந்தணும்” என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறிவிட்டது. கூட்டத்தில் ஒரு கர்ப்பிணியும் இருந்தாள். மனது கேட்காமல் ஒரு குடத்தில் தண்ணீரும் சொம்புமாகக் கொண்டுபோய் வைத்தேன். சென்னம்மாள் எழுந்து கிட்ட வந்து, “இந்த வூட்ல தண்ணி வாங்கக்கூடாதும்மா” என்றாள். விஷயம் தெரியாத வெளியூர்க்காரிக்குச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

சுமார் ஒரு மணிக்கு சின்னராஜ் கொல்லை வேலியைத் தாண்டிப் போய், ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த லாரியை எடுத்துக்கொண்டு மைசூர்ப் பக்கம் போய்விட்டான். போகும்போது நான் பார்த்தேன். தடுக்கவில்லை. வெளியே இருந்தவர்களுக்குச் சொல்லவும் இல்லை. உள்ளே ஆள் இல்லை என்பது தெரியாமல் அவர்கள் மூன்று மணிவரை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் நான் கதவிடுக்கில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம்மாள் தன் முந்தானையை அவிழ்த்து அந்தக் கர்ப்பிணியின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு வெளியே போய், அவன் போய்விட்டான் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார்கள். ஒரு மணிக்கு என்றேன். யாரும் என்னை வையவில்லை. வைதிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு வரிசையின் கடைசியில் போய் உட்காரப் பார்த்தேன். மாதம்மாள், “நீ இங்க குந்த வேணாம்மா. நீ போய்ப் பேச வேண்டிய எடம் வேற இருக்குது” என்றாள்.

நேற்று 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நஞ்சம்மாவின் தகப்பனார் திம்மப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கலியாணத்தின்போது, என் மகளாகப் பார்த்துக்கொள்வேன் என்று அவரிடம் நான் சொன்னதுண்டு. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் கட்டிலின் இடதுபக்கம் போய் நின்றபோது, “இந்தப் பக்கம் வந்து பேசுங்கம்மா, அந்தப் பக்கம் அவளுக்குக் கேக்காது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

நான் வலதுபக்கம் வந்து நின்று, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய் சின்னராஜ் அடித்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். நஞ்சம்மாவுக்குத் தாடைக் கட்டு இருந்ததால் பல்லைத் திறக்காமல் நிறுத்தி நிறுத்தித்தான் பேசமுடிந்தது. “அவரு அடிச்சதை டாக்டரே எழுதிகினாரு அக்கா. எலும்பு ஒடஞ்சது படத்துலயே தெரியுதாம். நீ மேடையில சொன்னதை யாரு எழுதுவாங்க?” என்றாள். பிறகு, “ஆஸ்பத்திரில கசவு கூட்டறவங்ககூட என்னை வலிப்புக்காரின்னுதான் சொல்றாங்க” என்றாள். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமல் திரும்பி வந்தேன்.

சின்னராஜ் இப்போது எங்கே இருப்பான் என்று கேட்டதற்கு, பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் லாரிகள் ரிப்பேர் பார்க்கும் கொட்டகையில் ஆஞ்சப்பன் என்கிற மெக்கானிக்கிடம் இருப்பான் என்று சொல்கிறேன். வேறு எங்கும் போகத் தெரியாதவன். நான் சொல்லித்தான் பிடித்தார்கள் என்று அவனுக்குத் தெரியட்டும்.

கூட்டத்தில் நான் பேசியதைச் சொல்லிவந்தபோது மாஜிஸ்டிரேட் அவர்கள், அது எந்தச் சட்டப் பிரிவிலும் வராது, இந்த வழக்குக்கு அவ்வளவும் எழுதவேண்டியது அவசியமில்லை என்றார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். போலீசுக்குப் பொய் சொன்னதற்கு என்மேல் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். இன்னும் ஒன்றும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

நஞ்சம்மாவுக்கு வலிப்பு நோய் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு அந்த மேடையில் இருந்தவர்களில் உண்மையைச் சொல்ல வந்தவள் அவள் ஒருத்திதான். வருகிற சந்தை நாளன்று அதே மைதானத்தில், வருகிறவர்கள் வரட்டும், ஒலிபெருக்கி வைத்து இதைச் சொல்வதாக இருக்கிறேன். அதற்கு முன்பு என்னைக் காவலில் வைத்தால், இந்தக் காகிதத்தை மாதம்மாள் அங்கே யாரையாவது விட்டுப் படிக்கச் செய்ய அனுமதிக்க வேண்டும்.

இவ்வளவும் நான் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி. குமாஸ்தா படித்துக் காட்டக் கேட்டேன். ‘நஞ்சம்மாவுக்கு உடல்நலமில்லை என்று கூட்டத்தில் தெரிவித்தேன்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு நான் சொன்ன வார்த்தைகளையே எழுதச் சொன்னேன். எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) கோ. ஜோதியம்மாள்